மலர்க்கொடி வாய் மூடியிருந்த மூன்று நாள்

டிவியில் காட்டினார்களே, "மருந்து கொடுத்து மயக்கப்பட்ட கிராமத்துப் பெண்" என்று, அது நான்தான். மலர்க்கொடி. எனக்கு எவனும் மருந்தும் கொடுக்கவில்லை, மண்ணாங்கட்டியும் கொடுக்கவில்லை. ஒரு வண்டிச் சாவிக்காக நானாகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நடந்தது என்னவென்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் சொல்லாமல் விட்டுவிடுவேனா?

எங்கள் ஊர் திருப்புலிவனத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. நான் வாலாஜாபாத்தில் ஓர் அரிசி மில்லில் வேலைக்குப் போகிறேன். காலையில் ஒரே ஒரு பஸ். அதைப் பிடிக்க ஏரிக்கரை மேலே இரண்டு கிலோமீட்டர் ஓட வேண்டும். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசாங்கம் மானியத்தில் ஸ்கூட்டர் வண்டி கொடுத்தபோது நானும் எழுதிப் போட்டேன். கால் ஊன்றாமல் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கினேன். ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர். சாவி மட்டும் என் வீட்டுக்காரர் பாண்டுரங்கனின் அரைஞாண் கயிற்றில்.

அந்த வண்டியில் அவர் எங்கே போகிறார் என்று நினைக்கிறீர்கள்? டீ குடிக்க, பாட்சா பாய் கடைக்கு. எங்கள் வீட்டு வாசலில் நின்று தும்மினால் பாய் கடையில் கேட்கும், அவ்வளவு தூரம். சாவியைக் கேட்டால், "பொம்பள ஓட்டி வுழுந்து கெடந்தா யாரு பாக்கறது?" என்பார். பஸ் போன பிறகு ரோட்டில் தூசியைத் தின்றுகொண்டு நிற்கும்போது, என் பெயரிலுள்ள வண்டி கடை வாசலில் நிழலில் நிற்பதை நினைப்பேன். எனக்கு அழுகையே வந்துவிடும். போதாததற்கு, இன்னொரு தடவை லேட்டானால் வரவே வேண்டாம் என்று மில் மேஸ்திரி சொல்லிவிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் தெளிநிலை யோக சங்கத்தார் மௌன முகாம் போட்டார்கள். அவர்கள் எங்கள் பக்கம் வந்து மூன்று வருடம் ஆகிறது. செவ்வாய்க்கிழமை டாக்டர் வேன் வரும். ஏரியைத் தூர் வாரினார்கள். கரையில் மரக்கன்று நட்டார்கள். பாதியை முனியம்மாளின் ஆடு தின்றது, அதற்கு அவர்கள் பொறுப்பில்லை. அதே சங்கத்தைப் பற்றித்தான் டிவியில் தினமும் சண்டை. கடற்கரைப் பக்கம் அவர்கள் கட்டிய தியான மண்டபம் புறம்போக்கில் நிற்கிறதாம். ஆசிரமத்துக்குப் போன பிள்ளைகள் வீடு திரும்பவில்லை என்று பெற்றவர்கள் கேஸ் போட்டிருக்கிறார்களாம். எது நிஜம், எது பொய் என்று கோர்ட்டு சொல்லட்டும். பெற்றவள் அழுதால் எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது. எங்கள் தெரு சோபியாவின் காலில் ஒரு வருடமாக ஆறாத புண்ணை அந்த வேன் டாக்டர் ஆற்றியதும் நிஜம்தான். இரண்டையும் சேர்த்தே சொல்லி வைக்கிறேன்.

முகாமை நடத்தியவர் வசந்த்குமார் சார். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்தவர், பாதித் தலை நரைத்தவர், அதட்டிப் பேசத் தெரியாதவர். "மூன்று நாள் சமுதாயக் கூடத்திலேயே தங்க வேண்டும். பேச்சு கிடையாது, செல்போன் கிடையாது. சாப்பாடு நாங்கள் போடுவோம்," என்றார். மூன்று நாள் சோறு வடிக்க வேண்டாம் என்பது மட்டும்தான் எங்கள் காதில் விழுந்த ஆன்மிகம். பதினாறு பெண்கள் கை தூக்கினோம்.

நான் கை தூக்கிய செய்தி எனக்கு முன்னாலேயே பாய் கடைக்குப் போய்விட்டது. என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிக்கொண்டது.

"இன்னாது, மலரு மௌன விரதமா? பாய், அவ தூக்கத்துலகூட என்னத் திட்டிக்கினே கீறவ. மூணு நாளு அவ வாயத் தொறக்காம இருந்துட்டான்னு வெச்சிக்க, வண்டி சாவிய அவ கையில குடுத்துட்டு நான் நடந்து போறேன்."

எண்ணெய் வாங்க வந்து நான் பின்னாலேயே நின்றிருந்தது அவருக்குத் தெரியாது.

"எழுதிக்கோ பாய்," என்றேன்.

அஹமது பாட்சா பாய் விளையாட்டுக்குக்கூட எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். பிஸ்கட் பெட்டி அட்டையைக் கிழித்து எழுதினார். முகாம் நடக்கும் வெள்ளி காலை ஆறு மணி முதல் ஞாயிறு மாலை ஆறு மணி வரை மலர்க்கொடி ஒரு வார்த்தையும் பேசாவிட்டால் சாவி மலர்க்கொடிக்கு. பேசிவிட்டால் ஆயுசுக்கும் சாவி என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அட்டையை ஆணியில் மாட்டினார். ஊரே வந்து படித்துவிட்டுப் போனது.

முதல் நாள் காலை நாஷ்டாவுக்குப் பொங்கல். வாயில் வைத்தேன், உப்பே இல்லை. ஐயோ, அந்த வேதனை உங்களுக்குத் தெரியாது. உப்பில்லாத பொங்கலை உப்பில்லை என்று சொல்லாமல் நான் தின்றது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. பக்கத்தில் சோபியாவைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் வரக் கூடாதே என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள், தோள் குலுங்கியது. அதைப் பார்த்து முனியம்மாளுக்கு. ஐந்து நிமிஷத்தில் பதினாறு பேரும் சத்தமில்லாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் உருண்டோம். வசந்த்குமார் சார் கண்ணில் நீர் ததும்ப, "ஆனந்தம், இதுதான் ஆனந்தம்," என்று வீடியோ எடுத்தார். பாவம் மனுஷன்.

இரண்டாம் நாள் ஜன்னலுக்கு வெளியே என் வீட்டுக்காரர் தலை தெரிந்தது. சிரிப்பு போய், முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது.

"மலரு, அடுப்புல பாலு பொங்கி வயியுது. எத்தப் போட்டுத் தொடைக்கிறது?"

நான் அசையவில்லை.

"மலரு, எங்கம்மா வந்துகீது. நீ வெச்சிட்டுப் போன கொயம்பு வாயில வைக்க முடியலன்னுது."

அடிவயிற்றிலிருந்து ஒரு வசனம் கிளம்பி நெஞ்சைத் தாண்டித் தொண்டைக்கு வந்துவிட்டது. துண்டைக் கடித்துக்கொண்டேன். அவர் போன பிறகு பார்த்தால் துண்டில் ஓட்டை விழுந்திருந்தது.

சாவி கைவிட்டுப் போகப்போகிறது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். நேராகப் போய் ஒரு டிவிக்கும் போலீசுக்கும் போன் போட்டிருக்கிறார். "என் பொண்டாட்டிய யோகாக்காரங்க புடிச்சி வெச்சிகினு கீறாங்க. பேசவே மாட்றா. மருந்து குடுத்துட்டாங்க." அந்தச் சங்கத்தின் பெயரைச் சொன்னால் போதாதா? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு, தலையில் குடை மாதிரி தட்டு வைத்த வேன் ஒன்று எங்கள் தெருவில் நுழைந்தது. பின்னாலேயே போலீஸ் ஜீப்.

மைக்கோடு வந்த டிவிப் பெண் கூடத்துக்குள் நுழைந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நேரலையில் இருக்கிறோம். பாருங்கள், பதினாறு பெண்கள். ஒருவர்கூடப் பேசவில்லை."

எஸ்.ஐ. அம்மா கண்ணியமானவர். எதிரே உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார். "பயப்படாதீங்கம்மா. உங்கள யாராவது கட்டாயப்படுத்தி வெச்சிருக்காங்களா?"

பதினாறு தலையும் இல்லை என்று ஆடின.

"பொம்மைகளைப் போல ஒரே மாதிரி தலையாட்டுகிறார்கள்!" என்றாள் டிவிப் பெண்.

இதைக் கேட்டுச் சோபியாவுக்கு மறுபடியும் தோள் குலுங்க ஆரம்பித்தது. அப்புறம் முனியம்மாள். அப்புறம் எல்லோரும்.

"காரணமே இல்லாமல் சிரிக்கிறார்கள்! மருந்தின் விளைவா?"

அந்தப் பக்கம் வசந்த்குமார் சார் தலைமையிடத்துக்குப் போனில் நேரலை போட்டுக்கொண்டிருந்தார். "பாருங்கள், இத்தனை குழப்பத்திலும் இவர்கள் முகத்தில் என்ன தெய்வீக அமைதி!" எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இந்தப் பக்கம் மயக்கமாம், அந்தப் பக்கம் தெய்வீகமாம். இரண்டு காமிராவும் என் முகத்துக்கு நேரே. நான் நினைத்துக்கொண்டிருந்ததோ சாவியை. சுவரில் மணி ஐந்தேகால். இன்னும் முக்கால் மணி நேரம்.

எஸ்.ஐ. அம்மா எழுந்தார். "ஒருத்தருமே வாயத் தொறக்க மாட்டேன்னா நான் இன்னா பண்றது? எல்லாரையும் உத்திரமேரூர் கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன், டாக்டர் பாக்கட்டும்."

ஆஸ்பத்திரியா! டாக்டர் முதலில் என்ன சொல்வார்? நாக்கை நீட்டு, 'ஆ' சொல்லு என்பார். 'ஆ' ஒரு வார்த்தையா இல்லையா? பாய் அட்டையில் அதை எழுதவில்லையே! என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவரும் அந்த 'ஆ'வைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். மீசைக்குள் சிரிப்பு ஓடியது. மூன்று நாள், உப்பில்லாத பொங்கல், மாமியார் குழம்பைப் பழித்தது, எல்லாவற்றையும் தாங்கிவிட்டு ஓர் 'ஆ'வில் போகப்போகிறேனே என்று எனக்குக் கண் கலங்கியது.

"அழுகிறார்! தாயின் கண்ணில் நீர்!" என்று டிவிப் பெண் என் வீட்டுக்காரர் பக்கம் பாய்ந்து மைக்கை நீட்டினாள். "ஐயா, கணவராக உங்கள் மனநிலை?"

மைக்கைக் கண்டால் அந்த மனுஷனுக்குத் தலைகால் புரியாது. கோயில் திருவிழாவில் அறிவிப்புச் செய்யக் கொடுத்தாலே பிடுங்கித்தான் வாங்க வேண்டும். இது டிவி மைக். துண்டால் கண்ணைத் துடைத்தார். வராத அழுகையை வரவழைத்தார்.

"மேடம், என் பொண்டாட்டி கொரல கேக்காம மூணு நாளா எனக்குச் சோறு எறங்கல மேடம். வூடே வெறிச்சோன்னு கீது." நெஞ்சில் அடித்துக்கொண்டார். "அவ ஒரே ஒரு வார்த்த பேசட்டும் மேடம். ஒரே வார்த்த! நான் உசுரா வெச்சினு கீற வண்டியக்கூட அவளுக்கே குடுத்துடுறேன். இந்தக் கேமரா மேல சத்தியம்!"

சோபியாவின் சிரிப்பு நின்றது. வாசலில் நின்ற பாட்சா பாயின் கண் மெல்லப் பெரிதானது. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

எழுந்தேன். புடவையை உதறிச் சரி செய்தேன். காமிராவைத் தாண்டி, மைக்கைத் தாண்டி, என் வீட்டுக்காரர் முன்னால் போய் நின்று கையை நீட்டினேன்.

"சாவி."

மூன்று நாள் பேசாத தொண்டையில் அது கரகரவென்று வந்தது. வெளியே நின்ற ஊர் மொத்தமும் ஹோவென்று கத்தியது.

அவருக்கு ஒரு நிமிஷம் எதுவும் விளங்கவில்லை. அப்புறம் துள்ளிக் குதித்தார். "பேசிட்டா! ஆறு மணி ஆவல, பேசிட்டா! பாய், பந்தயத்துல தோத்துட்டா பாய்!"

"என்ன பந்தயம்?" என்றார் எஸ்.ஐ. அம்மா.

என் வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குள் பாய் ஓடிப்போய் ஆணியிலிருந்து அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். நேரலையிலேயே வாசித்தார், தேதி, கையெழுத்து உட்பட. எஸ்.ஐ. அம்மா தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். டிவிப் பெண், "ஒரு சிறிய இடைவேளை," என்றாள்.

"அட்டப்படி பாத்தா மலரு தோத்துச்சு," என்றார் பாய். "ஆனா அந்த அட்டைக்கு நம்ம ஊருதான் சாட்சி. இப்ப நீ பண்ண சத்தியத்துக்கு நாடே சாட்சி. இன்னா சொல்ற பாண்டு?"

"வண்டி யாரு பேர்ல இருக்கு?" என்று எஸ்.ஐ. அம்மா கேட்டார்.

"என் பேர்ல மேடம். லைசென்ஸும் கீது. எட்டு, கால் ஊனாம போட்டேன்," என்றேன். பேச ஆரம்பித்த பிறகு என்னை நிறுத்த முடியுமா? உப்பில்லாத பொங்கலில் தொடங்கி, மயக்கம் என்றவளையும் தெய்வீகம் என்றவரையும் ஒரு பிடி பிடித்து, மாமியார் பழித்த குழம்பில் கொண்டுபோய் முடித்தேன். பத்து நிமிஷம் ஒருவரும் குறுக்கே பேசவில்லை.

"சாவியக் குடுய்யா. பொய்ப் புகாருக்கு உன்ன அப்புறம் பேசிக்கிறேன்," என்றார் எஸ்.ஐ. அம்மா.

என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பி நின்று அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்க்க, சோபியாவும் மற்றவர்களும் கை தட்டினார்கள். வாய் திறக்கவில்லை, அவர்களுக்கு இன்னும் ஆறு மணி ஆகவில்லை. மறுநாள் டிவியில், "நேரலையால் மௌனம் கலைத்த பெண்" என்று போட்டார்கள். சங்கத்தின் புத்தகத்தில் நாங்கள் உருண்டு சிரிக்கும் படத்தைப் போட்டு, "ஆனந்தத்தில் கிராமம்" என்று எழுதினார்கள். சாவியைப் பற்றி இரண்டிலும் ஒரு வரி இல்லை.

போகட்டும். நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஏரிக்கரை மேலே போனேன். இரண்டு கிலோமீட்டர் எத்தனை சின்ன தூரம்! மெயின் ரோடு வரை போய்த் திரும்பினேன், சும்மா மறுபடியும் போனேன். காற்று முகத்தில் அடித்தது, எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினேன். கொக்கெல்லாம் பறந்தன.

திரும்பி வரும்போது கரையில் என் வீட்டுக்காரர் நடந்து வந்துகொண்டிருந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு நடக்கிறாராம். முகம் தொங்கியிருந்தது. பக்கத்தில் நிறுத்தினேன்.

"ஏறு."

"மலரு, மெதுவா ஓட்டு, அந்த வளைவுல..." என்று ஆரம்பித்தார்.

"நாளைக்கிக் காலையில நான் மில்லுக்குப் போய் எறங்குற வரைக்கும் நான் ஓட்டுறத நீ ஒரு வார்த்த சொல்லக் கூடாது. சொன்னா பாய்கிட்ட போய் அட்ட எழுதுவேன்."

அவர் வாயை மூடிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார்.