சின்ன நமுனியாக்

"கொழந்தைய இப்படிக் குடுங்க, நீங்க மொதல்ல ஏறுங்க!" நடத்துநர் கையை நீட்டினான்.

நசியேக்கு மகளைக் கொடுக்கவில்லை. நைரோபி வேன் நிலையத்தில், அதுவும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், பெற்ற பிள்ளையை அடுத்தவன் கையில் கொடுக்க அவளுக்கு என்ன பைத்தியமா? தோளில் பை, இடுப்பில் மகள், பல்லுக்கிடையில் டிக்கெட் என்று எப்படியோ ஏறி ஜன்னலோரம் பொத்தென்று விழுந்தாள். பண்டிகை வந்தால் டிக்கெட்டுக்கும் கொம்பு முளைத்துவிடும். வேறொரு நாளாக இருந்தால் சண்டை போட்டிருப்பாள். இன்றைக்கு வண்டி கிளம்பினால் போதும் என்றிருந்தது. ஊரில் அக்காவுக்கு நேற்றிலிருந்து தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கவில்லை.

அக்காவின் பெயர் நமுனியாக். மடியில் கிடக்கும் இந்த இரண்டரை வயதுக் குட்டிக்கும் அதே பெயர்தான். பெயர் வைத்த அன்று போனில் சொன்னபோது அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அடி கூறுகெட்டவளே! உயிரோட இருக்கிறவ பேரையா வைப்ப? நாளைக்கு நான் செத்துட்டா அவள என்னன்னு கூப்பிடுவீங்க?"

"நீ ஏன் சாகப் போற?"

"ஆமாமா, நான் கல்லு. உங்களுக்கெல்லாம் பால் கறந்து ஊத்திக்கிட்டு இங்கயே கெடப்பேன்."

மாசாய் இனத்தார் வீடுகளில் ஒரு பெண் இறந்தால் அவளோடு அவள் பெயரும் மண்ணுக்குள் போய்விடும். வீட்டார் அதை மறுபடி வாயால் சொல்ல மாட்டார்கள். அதே பெயரில் இன்னொருத்தி இருந்தால் அவளுக்கு வேறு பெயர் வைத்துவிடுவார்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள்கூட இதில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை.

சிரித்தாளே தவிர, அக்காவுக்கு உள்ளூர அவ்வளவு சந்தோஷம். அவளுக்குப் பிள்ளை இல்லை. அம்மா போன பிறகு நசியேக்குவையும் தம்பி லெமாயனையும் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அதிகம் கேட்டதே இல்லை. ஒரே ஒரு ஆசைதான்: "அவ வாயால அந்தப் பேரச் சொல்லி நான் ஒரு தடவ கேக்கணும்டி." ஆனால் குட்டியோ பெயரைக் கேட்டாலே கட்டைவிரலை வாய்க்குள் போட்டுக்கொள்ளும். போனைக் காதில் வைத்தால் ஊமை. உலகத்தில் உள்ள மாடு, நாய், லாரி எல்லாவற்றின் பெயரையும் சொல்லும், தன் பெயரை மட்டும் சொல்லாது.

நேரில் கூட்டிப்போயிருந்தால் சொல்லியிருக்குமோ என்னவோ. போன கிறிஸ்துமஸுக்கே வருகிறேன் என்று சொன்னவள்தான் நசியேக்கு. அவளுக்கு முடி பின்னுகிற கடையில் வேலை. டிசம்பர் வந்தால் நைரோபிப் பெண்கள் எல்லாரும் ஊருக்குப் போகத் தலை பின்ன வருவார்கள். அத்தனை பேரையும் அழகாக்கி ஊருக்கு அனுப்பிவிட்டு இவள் மட்டும் போகமாட்டாள். முந்தாநாள் லெமாயன் போன் செய்து உடனே கிளம்பச் சொன்னபோதும், "இன்னும் ரெண்டு தல பாக்கி இருக்குடா, முடிச்சிட்டு வந்துடறேன்" என்றாள். அந்த இரண்டு தலைகளை விட்டுவிட்டு அன்றைக்கே கிளம்பியிருக்கலாம்.

நகரம் தாண்டும்போது லெமாயன் கூப்பிட்டான்.

"ஏறிட்டியா? என் சின்ன நமுனியாக் எங்க? குடு போன."

"வெரல் வாயில இருக்கு. அக்கா எப்படிடா இருக்கா?"

"காலைல கண்ணத் தொறந்தா. வந்துட்டாளான்னு கேட்டா. சீக்கிரம் பொறந்தவன்னுதான் இவளுக்கு நசியேக்குன்னு பேரு வச்சாங்க, இன்னைக்கு வரைக்கும் எங்கயாவது நேரத்துக்கு வந்திருக்காளான்னு கேட்டா."

"அப்படியா சொன்னா?" நசியேக்குவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கேலி பேசுகிற அளவுக்கு உயிர் இருக்கிறது. போதும். மத்தியானத்துக்குள் நரோக் டவுன், அங்கிருந்து ஜீப், பொழுது இருக்கும்போதே வீடு. அதுவரை தாங்கு, அக்கா.

மலைச்சரிவு தொடங்கும் இடத்தில் வண்டி நின்றது. முன்னால் லாரி, அதற்கு முன்னால் லாரி, கண்ணுக்கு எட்டியவரை லாரி. கீழே எங்கோ ஒன்று குறுக்கே கவிழ்ந்துவிட்டதாம். ஆண்கள் இறங்கிச் சுட்ட சோளம் வாங்கித் தின்ன ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு என்ன!

"எப்பங்க நகரும்?"

"அந்த லாரியத் தூக்கினா நகரும்மா. நீங்க ஒரு கை புடிக்கிறீங்களா?" என்றான் நடத்துநர்.

வெயில் ஏறியது. குட்டி மூத்திரம் என்றது, தண்ணி என்றது, மறுபடி மூத்திரம் என்றது. கடைசியில் எல்லாவற்றையும் நசியேக்குவின் மடியில் வாந்தி எடுத்துவிட்டு ஓவென்று அழுதது. பக்கத்து இருக்கையில், காலடியில் இரண்டு கோழிகளோடு உட்கார்ந்திருந்த பருத்த அம்மா தன் மேல்துணியை அவிழ்த்துக் குட்டியைத் துடைத்துவிட்டாள்.

"ஒம் பேரென்ன தங்கம்? பேரச் சொன்னா இந்த மந்தாசி ஒனக்கு."

குட்டி அந்தப் பொரித்த பணியாரத்தைப் பார்த்தது, அந்த அம்மாவைப் பார்த்தது, விரலை எடுக்காமலே இன்னொரு கையால் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டது.

"அம்மாடி! இது பொழச்சுக்கும்!" என்று கோழிக்காரி குலுங்கிச் சிரித்தாள். நசியேக்குவால் சிரிக்க முடியவில்லை. போனில் மணியைப் பார்ப்பதும், லாரியைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

ஒருவழியாக வண்டி நகர்ந்து பள்ளத்தாக்கில் இறங்கியபோது சூரியன் உச்சி தாண்டியிருந்தது. போன் அடித்தது.

"எங்க வந்திருக்க?" லெமாயனின் குரல் மெதுவாக இருந்தது.

"இப்பத்தான் மலை எறங்கினோம். நமுனியாக் வாந்தி எடுத்துட்டாடா."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு மாடு கத்துவது மட்டும் கேட்டது.

"கொழந்தைக்குத் தண்ணி குடு" என்றான்.

கொழந்தை. நசியேக்கு போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பிறந்த நாளிலிருந்து அவன் ஒருநாளும் குழந்தை என்று சொன்னதில்லை. சின்ன நமுனியாக், என் நமுனியாக், திருட்டு நமுனியாக் என்றுதான் கூப்பிடுவான்.

"நமுனியாக் உன்னக் கேட்டாடா. அவகிட்ட பேசுறியா?"

"அப்புறம் பேசறேன்க்கா. அவ தூங்கட்டும்."

"தூங்கல. முழிச்சுத்தான் இருக்கா. யாருன்னு சொல்லிக் கூப்பிடுடா."

"ரோடு எப்படி இருக்கு?"

"லெமாயா."

"பாத்து வாக்கா. அவசரப்படாம வா. நான் ஜீப் நிக்கிற எடத்துல இருக்கேன்."

முந்தாநாள் உடனே கிளம்பச் சொன்னவன், இப்போது அவசரப்படாதே என்கிறான். நசியேக்கு மேற்கொண்டு கேட்கவில்லை. குழந்தையோடு வழியில் இருக்கிறவளிடம் சாவைச் சொல்லக்கூடாது என்பது அவளுக்கும் தெரியும். கேட்டு அவனைச் சொல்ல வைப்பானேன்? போனைப் பைக்குள் போட்டாள். முகத்தைக் குட்டியின் தலையில் புதைத்துக்கொண்டாள். தலை முழுக்க வாந்தி வாடையும் மந்தாசி வாடையும்.

"ஊர்ல ஏதாச்சும்..." என்று ஆரம்பித்த கோழிக்காரி அவள் தோள் குலுங்குவதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். குட்டியை மெல்லத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டாள். நசியேக்கு இப்போது கொடுத்தாள்.

நரோக் வரை குட்டிக்கும் கோழிகளுக்கும் ஒரே கும்மாளம். "இது செவப்பி, இது வெள்ளச்சி. நீ யாரு?" என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டே வந்தாள். சிவப்பி, வெள்ளச்சி என்று குட்டியும் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டு வந்தது. டவுன் எல்லைப் பாலத்தில் வண்டி குலுங்கியபோது, விரலை வாயிலிருந்து எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தது.

"நமுனியாக்."

"அடி என் ராசாத்தி! சொல்லிட்டா பாரு!" கோழிக்காரி கை தட்டினாள்.

நசியேக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காலையில் சொல்லியிருந்தால் அக்கா போனிலாவது கேட்டிருப்பாளே, பாவி மகளே!

ஜீப்பில் வழி நெடுக, புதிதாகக் கிடைத்த பொம்மையைப் போல அது அந்தப் பெயரை வைத்து விளையாடியது. டிரைவரிடம் சொன்னது. ஆடுகளிடம் சொன்னது. இந்தக் குழந்தையோடு அந்த வாசலுக்குள் எப்படிப் போவது? அக்காள் புருஷன் பர்சலோய் மாமா பெரியவர். ஆசாரத்தில் இம்மி பிசகமாட்டார். செத்தவள் பெயரை அவர் காதுபடச் சொன்னால் என்ன ஆகும்? "இனிமே அப்படிச் சொல்லக்கூடாதுடி" என்று இரண்டு தடவை வாயெடுத்தாள். குட்டி அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தது. அவளுக்கு மனசு வரவில்லை.

ஜீப் நின்ற இடத்தில் லெமாயன் இருந்தான். அவன் பையை வாங்கிக்கொண்டான். கண் வீங்கியிருந்தது.

"எப்போ?"

"மத்தியானம். நீங்க மலைல நிக்கும்போது."

முள்வேலி வாசலில் மாடுகள் திரும்பிக்கொண்டிருந்தன. ஆண்கள் வெளியே குட்டை முக்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பெண்களின் முனகல். பர்சலோய் மாமா சிவப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். நசியேக்கு குனிந்தாள். அவர் உள்ளங்கையால் அவள் தலையைத் தொட்டார். குட்டியும், அம்மா வீட்டில் சொல்லிக்கொடுத்தபடியே, அவர் முன்னால் போய்த் தலையைக் குனிந்து நின்றது. அவர் கை வைத்தார்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் பழகிய வாய். தலையைத் தூக்கி, நெஞ்சில் விரலை வைத்து, முற்றம் முழுக்கக் கேட்கிற மாதிரி அது சொன்னது:

"நமுனியாக்!"

லெமாயன் சட்டென்று வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டான். முனகிக்கொண்டிருந்த பெண்களும் நிறுத்தினார்கள். நசியேக்கு பாய்ந்து மகளின் வாயைப் பொத்தினாள்.

"மாமா, மன்னிச்சிடுங்க, சின்னது, அதுக்குத் தெரியாது..."

பர்சலோய் அவள் கையை மெல்ல விலக்கினார். குட்டியின் உயரத்துக்குக் குனிந்து காதைக் கிட்டே கொண்டுவந்தார்.

"என்ன சொன்ன தாயீ? எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

மேய்ச்சல் காட்டின் அந்தக் கோடியில் தன் மாட்டின் மணி கேட்டால் எந்த மாடு என்று சொல்லிவிடுகிறவர் அவர்.

குட்டி இன்னும் சத்தமாகச் சொன்னது. அவர் கை அதன் தலையிலேயே இருந்தது.

"கேக்கல" என்றார்.