பச்சைக் காயில் ஒரு கீறல்

வால்டோர்ஃபில் மென்பொருள் வேலை பார்க்கும் முருகேசனுக்கு, ஊர் ஓரத்துத் தோட்டச் சங்கத்தில் ஒரு துண்டு நிலம் உண்டு. பக்கத்து நிலம் மக்டலீனுடையது. அதில் நாற்பது கசகசாச் செடிகள், அவள் அம்மா காலத்திலிருந்து வரும் வித்து.

கசகசாக் காய் காய்ந்ததும் அதன் கிரீடத்துக்கு அடியில் சின்னச் சின்ன ஜன்னல்கள் திறந்து விதை சிந்துவதுதான் வழக்கம். மக்டலீனின் செடியில் ஜன்னல் திறக்காது. விதை உள்ளேயே கிடந்து கிலுகிலுப்பை போல ஒலிக்கும். ஆகஸ்டில் காயை உடைத்து, ஒரு கைப்பிடியை மறு வருட விதைப்புக்கு வைத்துவிட்டு மீதியைக் கேக்கில் போடுவாள். இந்த மார்ச்சிலும் அந்தக் கைப்பிடி மொத்தத்தையும் விதைத்திருந்தாள்.

ஜூலையில் சங்க விழா. மிச்சமிருந்த கசகசாவையெல்லாம் போட்டு மக்டலீன் செய்த கேக்கைச் சாப்பிட்டபடி ஒருவர் முருகேசனிடம் கேட்டார்: "இந்தச் செடி உங்க நாட்டிலயும் இருக்கா?"

முருகேசனுக்கு அது போதும். மத்தியப் பிரதேசத்தில் அரசாங்கக் கொள்முதல் நிலையத்துத் தராசுகளுக்கு மென்பொருள் எழுத இரண்டு பருவம் தங்கியிருந்தவர். உரிமம் பெற்ற விவசாயிகள் பச்சைக் காயைப் பிற்பகலில் லேசாகக் கீறுவதையும், இரவில் பால் கசிந்து பழுப்பாக உறைவதையும், வெயில் ஏறுமுன் பெண்கள் அதை வழித்தெடுப்பதையும் சொன்னார். எவ்வளவு ஆழம் கீறுவது என்பது கைக்குத்தான் தெரியும் என்றார்.

"இருங்க, காட்டறேன்."

வேலியோரம் போய் மக்டலீனின் காய் ஒன்றை நகத்தால் கீறினார். வெள்ளையாக ஒரு துளி. எல்லோரும் கை தட்டினார்கள்.

சங்கத் தலைவர் தட்டவில்லை. "அப்போ இது அபின் செடியா?"

"அதேதான்!" என்றார் முருகேசன், சரியான விடை சொன்ன மாணவனைப் போல.

திங்கட்கிழமை மக்டலீனுக்குச் சங்கத் தலைவரிடமிருந்து கடிதம் வந்தது. இந்த நாட்டில் ஒரே ஒரு அபின் செடி வளர்க்கவும் அரசு அனுமதி வேண்டும். அனுமதி காட்டு, இல்லையேல் பத்து நாளில் பிடுங்கு.

"'இருக்கு'ன்னு சொல்லிட்டுக் கேக்கைத் தின்னிருக்கலாம்ல?" என்றாள் முருகேசனின் மனைவி ரமா.

"ஆர்வமா கேட்டாங்க ரமா."

"கேட்டது ஒரு வரி. நீங்க குடுத்தது ட்ரெயினிங்."

முருகேசன் விண்ணப்பப் படிவத்தோடு மக்டலீனின் தோட்டக் குடிசையில் உட்கார்ந்தார். நிலத்தின் வரைபடம், பரப்பளவு எல்லாவற்றையும் கச்சிதமாக நிரப்பினார். 'ரகத்தின் பெயர்' என்ற கட்டத்தில் பேனா நின்றது. வீட்டில் வளர்க்க, மயக்கச் சத்து குறைந்த சில பதிவு ரகங்களுக்கு மட்டுமே அனுமதி.

"இதுக்கு என்ன பேர் மக்டலீன்?"

"அம்மாவோட கசகசா."

பட்டியலில் மூன்று முறை மேலும் கீழும் தேடினார்; அப்படி ஒரு பேர் இல்லை. பிறகு தலைவரிடம் போய் மூன்று வாரம் அவகாசம் கேட்டார். காய் காய்ந்துவிட்டால் பால் வராது, விதை மட்டும்தான் மிஞ்சும் என்று விளக்கினார்.

"அப்போ இப்போ வரும், இல்லையா?" என்றார் தலைவர்.

பத்தாம் நாள் காலை மக்டலீனும் முருகேசனும் செடிகளைப் பிடுங்கினார்கள். தலைவர் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முருகேசன் ஒரு பச்சைக் காயைப் பிளந்தார். உள்ளே விதை வெளுத்து ஈரமாக இருந்தது. இது முளைக்காது.

"நல்லா விளக்குறீங்க முருகேசன்," என்றாள் மக்டலீன், வேரில் ஒட்டிய மண்ணை உதறியபடி. "எனக்கே இதுல பாதி தெரியாது." அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

கடைசி வரிசையில், சுவரோரம் வெயில் பட்ட ஒரு செடியில் ஒரே ஒரு காய் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. அதைத் தண்டோடு வெட்டி நிழலில் தொங்கவிட்டால் உள்ளே விதை தேறிவிடக்கூடும். விதையை வைத்துக்கொள்வது குற்றமும் இல்லை. முருகேசனுக்கு இது தெரியும். மக்டலீனுக்குத் தெரியாது.

சொல்ல வாயெடுத்தார். தலைவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு விளக்கம் இவளை எங்கே கொண்டுபோய் விடுமோ என்று வாயை மூடிக்கொண்டார்.

மக்டலீன் அந்தச் செடியையும் பிடுங்கிச் சாக்கில் திணித்து, வாயைக் கட்டித் தலைவர் கையில் கொடுத்தாள். தலைவரின் வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் முருகேசன் அவளிடம் அந்த ஒரு காயைப் பற்றிச் சொன்னார்.