ஒன்பது பேருக்குக் கறி

சில்வானா கைபேசியைச் சர்க்கரை டப்பாமீது சாய்த்து நிறுத்தினாள். திரையில் நொயேலியாவின் தாடையும் மூக்குத் துவாரங்களும் தெரிந்தன, பிறகு முகம் முழுதாக வந்தது. அவள் ஸ்பெயினில், வீகோ நகரத்து சூப்பர் மார்க்கெட் ஒன்றில் நின்றுகொண்டிருந்தாள். அங்கே இரவு எட்டு மணி, ஆனாலும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வெயில் மிச்சமிருந்தது. இங்கே ரொசாரியோவில் சனிக்கிழமை மதியம் மூன்று மணி. தெருவே தூங்கிக்கொண்டிருந்தது. மேசையின் மறுமுனையில் அவள் புருஷன் தாரியோ நோட்டைக் குறுக்காகத் திருப்பிப்போட்டு, பரீட்சை எழுத வந்தவனைப் போல இரண்டு முழங்கைகளையும் அகட்டி உட்கார்ந்திருந்தான். திரை அவன் பக்கம் இல்லை. தன் அக்கா நொயேலியாவின் முகத்தைப் பார்த்தால் பேச்சு வேறெங்காவது போய்விடும், வேலை ஆகாது என்று அவனே சொல்லிவிட்டான்.

நோட்டில் ஒரு கோடு கிழித்து இரண்டு பத்தியாகப் பிரித்திருந்தான். இடது பக்கம் இங்குள்ள விலை, வலது பக்கம் அங்குள்ள விலை. இடது பக்கத்தைப் பென்சிலால் எழுதினான், வலது பக்கத்தைப் பேனாவால். இது ஏன் என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. அர்ஜென்டினாவில் விலையைப் பேனாவால் எழுதுகிறவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்றுதான் அர்த்தம். போன சனிக்கிழமை ஆயிரத்து எண்ணூறு பேசோ என்று எழுதியிருந்த விலாக்கறி இந்தச் சனிக்கிழமை இரண்டாயிரத்து நூறு. அழித்து அழித்து அந்தப் பக்கம் மட்டும் தாள் மெலிந்துபோயிருந்தது. சில்வானா வேலை பார்க்கும் மருந்துக்கடையிலும் இதே கூத்துதான். திங்கட்கிழமை காலையில் பழைய விலைச்சீட்டின்மேல் புதிய சீட்டை ஒட்டுவதே அவளுக்கு முதல் வேலை. ரத்த அழுத்த மாத்திரை வாங்க வருகிறவர்கள் பெட்டியை நகத்தால் சுரண்டி, அடியில் இருந்த பழைய விலையைப் படித்துவிட்டு, அவளே திருடிவிட்டதைப் போல ஒரு பார்வை பார்ப்பார்கள். இருபது வருடமாக அந்தப் பார்வையை வாங்கிச் சலித்துவிட்டாள்.

விஷயம் இதுதான். தாரியோ லிஃப்ட் பழுதுபார்ப்பவன். வீகோவில் ஒரு லிஃப்ட் கம்பெனி அவனுக்கு வேலை தருவதாகக் கடிதம் அனுப்பியிருந்தது. நொயேலியா வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தின் லிஃப்டைச் சரிசெய்ய வந்தவனிடம் பேசிப் பேசி அவள் பிடித்துக்கொடுத்த வேலை. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். தாரியோ நோட்டைத் தட்டிக் காட்டினான்.

"கணக்கு ஒத்து வந்தா போவோம். மாசக் கடைசியில அஞ்சு யூரோ மிஞ்சினாலும் சரி, போவோம். மிஞ்சலேன்னா இந்தப் பேச்சையே அப்புறம் எடுக்கக் கூடாது" என்றான். எத்தனை ஆளுக்கு எத்தனை கிலோ என்று லிஃப்டில் எழுதி ஒட்டுகிற ஆள் வேறு எப்படிப் பேசுவான்? சொன்ன சொல்லை மாற்றமாட்டான் என்பது சில்வானாவுக்குத் தெரியும். ஒத்து வந்தால் மறுநாளே பெட்டி கட்டுவான், வராவிட்டால் சாகும்வரை வாய் திறக்கமாட்டான்.

அவளுக்குப் போக வேண்டும். அதை அவள் யாரிடமும் இவ்வளவு நேராகச் சொன்னதில்லை. தாரியோவைத் தெரிவதற்கு முன்பே அவளுக்கு நொயேலியாவைத் தெரியும். இரண்டு பேரும் அதே மருந்துக்கடையில் பக்கத்துப் பக்கத்து மேசையில் ஒன்பது வருடம் நின்றவர்கள். மதியச் சாப்பாட்டை ஒரே டப்பாவில் தின்றவர்கள். "எங்க வீட்டுல ஒரு மக்குத் தம்பி இருக்கான், வந்து பாரு" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கையைப் பிடித்து இழுத்துப் போனவளே நொயேலியாதான். கல்யாணம் முறிந்து அவள் விமானம் ஏறி ஆறு வருடம் ஆகிறது. சில்வானாவுக்கு அதன்பிறகு அப்படியொரு ஆள் வாய்க்கவில்லை. செவ்வாய்தோறும் மனநல ஆலோசகரிடம் போய் ஐம்பது நிமிடம் பேசிவிட்டு வருகிறாள். அந்தப் பெண்மணி நல்லவள்தான், ஆனால் காசு வாங்கிக்கொண்டு கேட்கிறவள். நொயேலியா இருந்தால் பாதியிலேயே குறுக்கே புகுந்து இவளைத் திட்டியிருப்பாள்.

மனநல ஆலோசகரும் பட்டியலில் இருந்தார். வாடகை, மின்சாரம், பஸ், பால், டீ போலக் குடிக்கும் மாத்தே இலை மாதம் இரண்டு கிலோ, பற்பசை, அப்புறம் செவ்வாய்க்கிழமை. அந்த வரியில் தாரியோ கேலி செய்யாமல் விடவில்லை.

"அங்க போனா நீ யாரைப் பத்தி அவங்ககிட்ட அழப்போறே? எங்கம்மாதான் இங்கயே இருப்பாங்களே. அந்த வரியை அடிச்சிடறேன்" என்றான். அவளும் சிரித்துவிட்டு, அடிக்க விடவில்லை.

சண்டை வந்தது கடைசிக்கு முந்தின வரியில். 'ஞாயிறு, விலாக்கறி, ஒன்பது பேருக்கு' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தான். ஒன்பது பேர் என்பது அவன் அம்மா, இரண்டு தம்பிகள், அவர்கள் பெண்டாட்டிகள், இரண்டு குழந்தைகள், பிறகு இவர்கள் இருவர். தலைக்கு அரைக் கிலோ. மழையோ புயலோ, தேர்தலோ, கொல்லைப்புறத்தில் ஞாயிற்றுக்கிழமை நெருப்பு மூட்டாமல் அந்த வீடு இருந்ததில்லை. அங்கே நொயேலியாவையும் சேர்த்தால் நாம் மூன்று பேர்தானே, ஒன்பது எங்கிருந்து வந்தது என்று சில்வானா கேட்டாள்.

"ஆளு சேரும்" என்றான் தாரியோ. "ஆளு சேராத ஊருக்கு நான் எதுக்குப் போகணும்?"

ஒன்பது அப்படியே நின்றது.

நொயேலியா ஒவ்வொரு அலமாரியாகப் போய் விலை சொன்னாள். சில்வானா மாத்தேக் குவளையில் வெந்நீர் ஊற்றித் தான் ஒரு முறை, தாரியோவுக்கு ஒரு முறை என்று மாற்றிக் கொடுத்துக்கொண்டே அதைத் திருப்பிச் சொன்னாள். அவன் எழுதினான். வாடகை, மின்சாரம் எல்லாம் போன வாரமே சொல்லியாகிவிட்டது. பால் வந்தது, ரொட்டி வந்தது. மாத்தே இலை மட்டும் கொள்ளை விலை, அதற்கு மூன்று பேருமே ஒரே சமயத்தில் திட்டினார்கள். தாரியோ இடையிடையே கூட்டிப் பார்த்தான். விலாக்கறியும் அடுப்புக்கரியும் தவிர எல்லாம் முடிந்தபோது அவன் சம்பளத்தில் இருநூற்று முப்பது யூரோ மீதி நின்றது. அவன் பேனாவைக் கீழே வைத்துக் கழுத்தைத் தடவிக்கொண்டான். அவனுக்கே நம்பிக்கை வந்துவிட்டது என்பது அந்தத் தடவலில் தெரிந்தது.

"விலாக்கறி கிலோ எட்டு யூரோ தொண்ணூறு" என்றாள் நொயேலியா.

தாரியோ தலையை நிமிர்த்தினான். "எட்டு தொண்ணூறா? என்னத்தைக் காட்டி விலான்னு சொல்றா? எலும்போட குறுக்க வெட்டினதான்னு கேளு. காட்டச் சொல்லு, நீ பாரு."

வேண்டாம், சரியாகத்தான் வெட்டியிருக்கிறார்கள் என்று நொயேலியா இழுத்தாள். அவன் விடவில்லை. கறி விஷயத்தில் அவன் யாரையும் நம்பமாட்டான், சொந்த அக்காவானாலும். கடைசியில் அவள் காமிராவைத் திருப்பினாள். கண்ணாடிக்குப் பின்னால் கறி வரிசையாக இருந்தது. குறுக்கே வெட்டின, இரண்டு விரல் அகலத் துண்டுகள், வெள்ளை எலும்பு வட்டம் வட்டமாக. நல்ல கறி. அதன்மேல் செருகியிருந்த மஞ்சள் அட்டையில் விலை பெரிதாக எழுதியிருந்தது. பதினாலு தொண்ணூறு.

ஒரு கட்டைவிரல் வந்து திரையின் அந்த மூலையை மறைத்தது. கொஞ்சம் தாமதமாக வந்தது.

சில்வானா நாலு ஞாயிற்றுக்கிழமைக்கான பதினெட்டு கிலோவைப் பெருக்கினாள். தாரியோவுக்குத்தான் காகிதம் வேண்டும், இருபது வருடம் கல்லாவில் நின்றவளுக்கு வேண்டாம். எட்டு தொண்ணூறு என்றால் மாதக் கடைசியில் எழுபது யூரோ மிஞ்சும். பதினாலு தொண்ணூறு என்றால் முப்பத்தெட்டு யூரோ துண்டு விழும். போன வாரம் சொன்ன வாடகை? மின்சாரம்? இந்தப் பால், இந்த ரொட்டி? வலது பத்தி முழுவதும் நொயேலியாவின் வாயிலிருந்து வந்ததுதான். பத்தொன்பது வருட வேலையை விட்டுவிட்டு இந்த மனிதன் வரப்போகிறான். அடிப் பாவி, என்ன காரியம் பண்ணினாய் என்று கத்த வேண்டும் போல இருந்தது.

கத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் ஞாபகத்துக்கு வந்தன. கொல்லையில் ஒன்பது பேரும் தின்றுகொண்டிருக்கும்போது நொயேலியா வீடியோவில் வருவாள். கைபேசியை ஒயின் பாட்டில்மீது சாய்த்து வைப்பார்கள். ஆளுக்கு ஆள் கை மாறும், குழந்தைகள் நாக்கை நீட்டிக் காட்டும், எண்ணெய் விரல் பட்டு அவள் முகம் மங்கும். அப்புறம் பேச்சு கால்பந்துக்குப் போகும், யாரோ உப்பை எடுக்கக் கை நீட்டும்போது கைபேசி மல்லாக்க விழும், அதை ஒருவரும் நிமிர்த்தமாட்டார்கள். கைகழுவிவிட்டு வந்து சில்வானா எடுத்துப் பார்த்தால் அவள் இன்னும் அங்கேயே இருப்பாள். முக்கால் மணி நேரமாக இவர்கள் வீட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு. "பரவாயில்லடி, சத்தம் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்" என்பாள்.

காமிரா திரும்பியது. நொயேலியாவின் முகம் வந்தது. சில்வானா பார்த்துவிட்டாள் என்று அவளுக்குத் தெரியும், தெரியும் என்று இவளுக்கும் தெரியும். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, மருந்துக்கடையில் தப்பான மாத்திரையைக் கொடுத்துவிட்டு முதலாளி முன்னால் நின்ற அன்றைக்கு நின்ற மாதிரியே நின்றாள். அன்றைக்குச் சில்வானாதான் நான் கொடுத்தேன் என்று சொன்னாள். இன்றைக்கு என்ன சொல்வது?

"எப்படி இருக்கு?" என்றான் தாரியோ, பேனாவை எடுத்தபடி. "விலைச்சீட்டு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது" என்றாள் சில்வானா. "குறுக்கதான் வெட்டியிருக்கான். நல்ல கறி."

"எவ்வளவு போட்டிருக்கு?"

அவளுக்கு அவன்மேலும் பிரியம்தான். அதனால்தான் அந்த இரண்டு நொடி அவ்வளவு நீளமாக இருந்தது.

"எட்டு தொண்ணூறு."

பேனா தாளில் உரசும் சத்தம் கேட்டது. அவன் பதினெட்டால் பெருக்க ஆரம்பித்தான், வாய் முணுமுணுத்தது. திரையில் நொயேலியா கண்ணை மூடித் திறந்தாள்.

"அடுப்புக்கரி ஒண்ணுதான் பாக்கி" என்றாள் சில்வானா. அவள் குரல் அவளுக்கே வேறாகக் கேட்டது. "மெதுவா பாத்துச் சொல்லு. எழுதிக்கிட்டு இருக்கான்."

நொயேலியா நடந்தாள். சோப்பு வரிசைக்குள் போய்த் திரும்பி வந்தாள், நாய்த் தீனி பக்கம் போனாள், அங்கேயும் இல்லை. ஆறு வருடமாக வாராவாரம் வருகிற கடைதான். ஆனாலும் அடுப்புக்கரி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடை மூடப்போகிறது என்று ஒலிபெருக்கியில் யாரோ சொன்னார்கள். அவள் ஒரு ஊழியரை நிறுத்தி விசாரித்தாள், அவர் கை காட்டிய கோடியில் கீழ்த்தட்டில் பைகள் கிடந்தன. குனிந்து விலையைச் சொன்னாள். சில்வானா அட்டையைப் பார்க்காமல் அதைத் திருப்பிச் சொன்னாள், தாரியோ எழுதினான்.

நொயேலியா இருப்பது ஐந்தாம் மாடியில், பால்கனிகூட இல்லாத ஒற்றை அறையில். அங்கே நெருப்பு மூட்ட இடம் கிடையாது. அவள் பையைத் திரும்ப வைக்கப் போகிறாள் என்று சில்வானா காத்திருந்தாள். வைக்கவில்லை. கைபேசியைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் பையைத் தூக்கி இடுப்பில் அணைத்தாள். படம் சரிந்து கூரை விளக்குகள் ஓடின. பிறகு சட்டையில் பட்ட கரித்தூளைத் தட்டிக்கொண்டு, பணம் கட்டும் வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றாள்.