கரண்டியோடு ஒரு கிண்ணம்

கிளோறியாவுக்கு எது கோணலாக இருந்தாலும் கண்ணைக் குத்தும். சுவரில் மாட்டிய படம் கொஞ்சம் சரிந்திருந்தால் போதும், விருந்துக்குப் போன வீடென்றும் பாராமல் எழுந்துபோய் நிமிர்த்திவிட்டுத்தான் உட்காருவாள். இந்தக் குணத்துக்குச் சம்பளமும் கிடைத்தது. கொப்பன்ஹேகனில் புத்தகம் வடிவமைக்கும் அலுவலகம் ஒன்றில் அவளுக்கு வேலை. அதனால், "அம்மாவின்ர எழுபத்தைஞ்சாவது பிறந்தநாளுக்கு அவவின்ர சமையலை ஒரு புத்தகமாப் போட்டுக் குடுப்பமா?" என்று கணவன் துவான் வாயெடுத்தபோது, அவன் சொல்லி முடிக்கமுன்னரே அவள் அட்டைப்படத்தை யோசிக்கத் தொடங்கிவிட்டாள்.

துவான் வியட்நாமிய அகதிகளின் பிள்ளை. கிளோறியாவின் பெற்றோர் மன்னார்க் கத்தோலிக்கர். இரண்டு பேரும் டென்மார்க்கில் பிறந்தவர்கள். ஒரே கோயிலில் காலையில் தமிழ்ப் பூசை, பின்னேரம் வியட்நாமியப் பூசை. இரண்டுக்கும் நடுவில் மண்டபத்துக் கோப்பி மேசையில் தொடங்கிய பழக்கம் கலியாணத்தில் போய் நின்றது. கலியாண வீட்டில் எங்களுடைய ரோல்ஸா அவர்களுடைய பொரித்த சுருளான நெம்மா திறம் என்று இரு பகுதியாரும் மல்லுக்கட்டியதை, கிளோறியாவின் தாய்வீடு இருக்கும் இக்காஸ்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். துவானின் தாயைக் கிளோறியா முதல் நாளே "மாமி" என்று கூப்பிட்டுவிட்டாள். அர்த்தம் கேட்டறிந்த மனுசிக்கு அது பிடித்துப்போயிற்று. மாமியும் மருமகளும் கதைப்பது டேனிஷில். அந்த ஒரு சொல் மட்டும் தமிழ்.

மாமி வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. இளையவர்கள் மூத்தவர்களை ஒவ்வொருவராக, முறை சொல்லி, சாப்பிட அழைக்கவேண்டும். அழைக்காமல் ஒருவரும் சாப்பிடும் குச்சியைத் தொடமுடியாது. மாமனார் காலமான பிறகு துவானுக்கு அழைப்பதற்கு மிஞ்சியது தாய் மட்டும்தான். "ஒற்றைப் பிள்ளையாப் பிறந்ததில இது ஒரு லாபம். சோறு ஆறமுந்திச் சாப்பிடலாம்" என்று அவன் பகிடி விடுவான்.

கலியாணமாகி வந்த முதல் வியட்நாமிய வருடப்பிறப்பு விருந்தில் மீன் முள்ளை எங்கே போடுவதென்று கிளோறியாவுக்குத் தெரியவில்லை. மேசையின் ஓரத்தில் ஒரு சின்ன எனாமல் கிண்ணம் இருந்தது. விளிம்பில் பூச்சுப் பெயர்ந்த பழைய கிண்ணம். பக்கத்தில் ஒரு கரண்டி. "அதுக்குள்ள போடு, அது எப்பவும் சும்மாதான் கிடக்கும்" என்றான் துவான். போட்டாள். சாப்பாடு முடிந்ததும் மாமி அந்தக் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, திரும்ப அதே இடத்தில் கரண்டியோடு வைத்தார். மாமி நல்ல துப்புரவுக்காரி என்று கிளோறியா நினைத்துக்கொண்டாள். அதற்குமேல் அவள் அதை யோசிக்கவில்லை.

புத்தக வேலையில் ஒரு குளிர்காலமே போயிற்று. சனிக்கிழமைகளில் தங்கள் வீடிருக்கும் இஷொயிலிருந்து காரை எடுத்துக்கொண்டு புரொண்பியில் மாமியின் மாடிவீட்டுக்குப் போவாள். "மீன் சோஸ் எவ்வளவு, மாமி?" என்றால், "மணக்கிற அளவு" என்று பதில் வரும். "சீனி?" "கறுக்குமட்டும்." கிளோறியா தராசைக் கொண்டுபோய், மாமியின் கை சட்டிக்குப் போகமுன் இடைமறித்து நிறுத்துப் பார்ப்பாள். மாமிக்கு அது பெரிய விளையாட்டு. வேண்டுமென்றே வேகமாகப் போட்டுவிட்டுச் சிரிப்பார். நெம், சீனி கருக்கிச் சமைத்த பன்றி, புளிப்பு மீன் சூப் எல்லாம் இப்படித்தான் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஒன்றுக்கு மட்டும் மாமி மசியவில்லை. அது அரிசிக் கஞ்சி. "அரிசியும் தண்ணியும். அதுக்கென்ன செய்முறை?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அட்டைக்கு, அந்தக் குளிர்காலத்தில் வந்த வருடப்பிறப்பு விருந்து மேசையைக் கதிரையில் ஏறி நின்று மேலிருந்து படம் எடுத்தாள். வெள்ளைக் கிண்ணங்கள், சிவப்புக் குச்சிகள், நடுவில் ஆவி பறக்கும் சட்டி என்று படம் மனதை அள்ளிக்கொண்டு போனது. கணினியில் பார்த்தபோது ஓரத்தில் அந்த எனாமல் கிண்ணம் மட்டும் ஒட்டாமல் துருத்திக்கொண்டு நின்றது. அழித்தாள். அந்த இடத்தில் மேசைவிரிப்பின் பூவை இழுத்துவிட்டாள். தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டாள்.

அச்சுக்குப் போகமுன் மாதிரிப் பிரதியைக் காட்டப் போனார்கள். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையை மடியில் வைத்தார். முகம் மலர்ந்தது. ஒவ்வொரு கிண்ணமாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். ஓரத்துக்கு வந்ததும் விரல் நின்றது. அந்த வெறும் பூவைத் தடவினார். பிறகு இன்னொருமுறை தடவினார். மலர்ந்த முகம் அப்படியே அணைந்தது.

"வடிவா இருக்கு" என்றார். "ஆனா அச்சடிக்க வேண்டாம்."

அவ்வளவுதான். எழுந்து குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

காரில் வரும்போது கிளோறியா பொரிந்து தள்ளினாள். "ஒரு குளிர்காலம் முழுக்கப் பாடுபட்டிருக்கிறன். உங்கட சமையலைத் தமிழத்தி புத்தகமாப் போடுறது அவவுக்குப் பிடிக்கேல்லை. அதுதான் விஷயம்." துவான் தெரியாது என்று தலையாட்டினான். உண்மையில் அவனுக்கு ஒன்றும் தெரியாதுதான். அவளுக்குக் கோபத்தைவிட வலி அதிகம். இத்தனை வருடமும் சிரித்துப் பேசியதெல்லாம் வெளிப்பூச்சுத்தானா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். இக்காஸ்டில் இருந்த தாய் மேரிகிறேஸுக்கு ஃபோன் எடுத்து அழுதாள். "என்னட்டச் சொல்லி என்ன பிள்ளை? போய் அந்த மனுசியிட்டக் கேள்" என்றாள் தாய்.

சனிக்கிழமை தனியாகப் போனாள். கோபமாகக் கேட்கவேண்டிய கேள்விகளைப் படி நெடுகப் பாடமாக்கிக்கொண்டு ஏறினாள். மாமி கதவைத் திறந்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் மேசையில் கிண்ணம் வைக்கத் தொடங்கினார். தனக்கு ஒன்று, கிளோறியாவுக்கு ஒன்று. பிறகு அலுமாரித் தட்டிலிருந்து எனாமல் கிண்ணத்தை எடுத்து ஓரத்தில் வைத்தார். கரண்டியைப் பக்கத்தில் நேராக வைத்தார். அட்டைப்படத்தில் கிளோறியா பூவை இழுத்துவிட்ட அதே இடம்.

பாடமாக்கிய கேள்வியெல்லாம் அவளுக்கு மறந்துபோனது. "மாமி, இது ஆருக்கு?"

மாமி உட்கார்ந்தார். அடுப்பில் எதுவோ கொதித்தது. அதை அணைக்கக்கூட எழும்பவில்லை.

"துவானுக்கு மூத்தது ஒண்டு இருந்தது. பாவோ. மூண்டு வயசு. வியட்நாமை விட்டு ஓடி வந்த வள்ளத்தில தண்ணி முடிஞ்சுபோச்சு. கஞ்சி வேணும், கஞ்சி வேணும் எண்டு கேட்டுக்கொண்டு கிடந்தான். கரைக்குப் போனதும் காய்ச்சித் தாறன், இப்ப படு ராசா எண்டன். சொல்வழி கேக்கிற பிள்ளை. படுத்திட்டான்." மாமி கரண்டியை விரலால் நகர்த்தித் திரும்ப நேராக்கினார். "அவனைக் கடலில விட்டு அடுத்த நாள்தான் டென்மார்க் கப்பல் எங்களைக் கண்டது. ஏத்தினதும் அவங்கள் தந்த முதல் சாப்பாடு ஓட்ஸ் கஞ்சி."

கிளோறியா கதிரையை மாமியின் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"படமும் இல்லை, குழியும் இல்லை. வள்ளத்தில அவன் குடிச்ச கிண்ணம் இது. குச்சி பிடிக்கத் தெரியாது, அதுதான் கரண்டி. துவானுக்குச் சொல்லேல்லை. சிரிச்சுக்கொண்டு பிறந்த பிள்ளைக்கு இதை எப்பிடிச் சொல்லுறது? நாளைக்கு நாளைக்கு எண்டு இப்ப அவனுக்கே நரைக்கத் தொடங்கிட்டுது. புத்தகத்தில கிண்ணத்தைக் காணேல்லை எண்டதும், பிள்ளையை இன்னொருக்காக் கடலில விட்டமாதிரி இருந்தது."

கிளோறியாவின் தாய்மாமன் ஒருவர் யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் படகில் போய்ச் சேராமலே போனவர். மரித்தோர் நாளில் எல்லோரும் சவக்காலைக்குப் போக, மேரிகிறேஸ் மட்டும் ஒரு மெழுகுதிரியைக் குசினி யன்னலில் கொளுத்துவாள். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள், இந்த மேசையில் ஒரு கிண்ணத்தைப் பார்த்து என்னவென்று கேட்கவில்லை. வெட்கத்தில் அவளுக்கு உடம்பு கூசியது. அந்த முதல் விருந்தும் நினைவுக்கு வர, வாய்விட்டே அழுதுவிட்டாள்.

"மாமி, நான் இதுக்குள்ள முள்ளுப் போட்டனே!"

"ஓம், போட்டாய். சரியான கோபம் வந்தது எனக்கு" என்றார் மாமி. "பிறகு கழுவ எடுக்கேக்க பாத்தன். கரண்டி பக்கத்தில, முள்ளு உள்ளுக்க. அவன் சாப்பிட்டு முடிச்சிட்டு எழும்பிப் போனமாதிரிக் கிடந்தது. இவ்வளவு காலத்தில அப்பிடி ஒரு நாளும் கிடந்ததில்லை. கழுவ மனமே வரேல்லை."

இரண்டு பேரும் நெடுநேரம் அழுதார்கள். அடுப்பில் இருந்தது அடிப்பிடித்துப் போயிற்று.

போகும்போது மாமி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். "கஞ்சியையும் போடு. முதலாவதாப் போடு. துவானுக்கு நான்தான் சொல்லோணும். புத்தகம் வரட்டும், சொல்லுறன்."

கிளோறியா பழைய படத்தைத் தேடியெடுத்தாள். கிண்ணத்தின் பூச்சுப் பெயர்ந்த விளிம்பில் கைவைக்கவில்லை. ஒளியைக்கூடத் திருத்தவில்லை. மாமி அச்சடிக்கச் சம்மதித்துவிட்டார் என்று மட்டும் துவானிடம் சொன்னாள். புத்தகம் வரும்வரை அவனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருந்ததுதான் பெரும்பாடு. மாமியின் தைரியம் கடைசி நேரத்தில் கைவிட்டுவிடுமோ, அந்தப் பிள்ளை வெறும் கிண்ணமாகவே இருந்துவிடுவானோ என்ற பயம் அவளைத் தூங்கவிடவில்லை.

பிறந்தநாளன்று மேரிகிறேஸ் ஒரு பெட்டி ரோல்ஸோடு இக்காஸ்டிலிருந்து வந்திருந்தாள். மேசையில் நெம்மும் ரோல்ஸும் மலையாகக் குவிந்திருக்க, நடுவில் எவரும் எதிர்பாராத ஒரு சட்டி வெள்ளைக் கஞ்சி. துவான் புத்தகத்தை எடுத்து அட்டையைப் பார்த்தான். அடக்கமுடியாமல் சிரித்தான்.

"இங்க பாருங்கோவன், ஊரெல்லாம் ஒழுங்காக்கிறவள் முள்ளுக் கிண்ணத்தை எடுக்க மறந்திட்டாள்!"

கிளோறியா மாமியைப் பார்த்தாள். ஒரு கணம், இன்றைக்கும் சொல்லமாட்டார் என்றுதான் தோன்றியது.

"அது முள்ளுக் கிண்ணமில்லை" என்றார் மாமி. "உன்ர அண்ணன்ர கிண்ணம்."

பிறகு புத்தகத்தில் கஞ்சி இருந்த முதல் பக்கத்தைத் திறந்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு வியட்நாமிய மொழியில் சொன்னார். கிளோறியாவுக்கு பாவோ என்ற பெயர் மட்டும் விளங்கியது. மேரிகிறேஸுக்கு அதுவும் விளங்கவில்லை. ஆனாலும் அவள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். துவான் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினான். எழும்பிப் போய்விடுவான், தாயை மன்னிக்கமாட்டான் என்று கிளோறியா பயந்தாள்.

அவன் எழும்பத்தான் செய்தான். அகப்பையை எடுத்து எனாமல் கிண்ணம் நிறையக் கஞ்சி வார்த்தான். சூடு ஆறட்டும் என்று கரண்டியால் கிளறினான். பிறகு தன் இடத்தில் வந்திருந்து விருந்தாளியான மேரிகிறேஸையும், வழக்கம்போலத் தாயையும் அழைத்தான். அங்கேதான் அவனுடைய முறை எப்போதும் முடியும். அன்று முடியவில்லை. வாழ்நாளில் ஒரு தரமேனும் சொல்லியிராத அந்த அழைப்புக்காக, நரை கண்ட அந்த மனிதன் மூன்று வயதுக்காரனின் கிண்ணத்துக்கு முன் தலையைக் குனிந்தான்.

"அண்ணை, சாப்பிடுங்கோ."

மாமி அதற்குப் பிறகுதான் குச்சியை எடுத்தார்.