குவளைத் தண்ணீரின் வயது

காலை வேலை முடித்து, உடுப்பைக்கூட மாற்றாமல் பள்ளிச் சோதனைக்குப் போனேன். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைச் சலவைத் தொழிற்சாலையில் சூடான உருளைக்குள் கொடுத்து, மறுபக்கம் மடித்து எடுப்பதுதான் என் வேலை. மகள் அன்னா பிறந்த கையோடு தொடங்கியது. அவள் இப்போது ஜிம்னாசியம் என்கிற உயர்பள்ளியில் கடைசி வகுப்பு. என் வலது கை காதுக்கு மேலே எழும்ப மாட்டேன் என்கிறது.

ஓகஸ்டில் பாலர் பராமரிப்புப் படிப்புக்கு எனக்கு ஓர் இடம் வைத்திருந்தார்கள். ஆனால் வளர்ந்தோர் பள்ளியில் இயற்கை விஞ்ஞானம் சித்தியடைந்தால்தான் சேர்ப்பார்கள். டேனிஷையும் கணக்கையும் எப்படியோ தாண்டிவிட்டேன். இது ஒன்றுதான் மிச்சம். இதில் விழுந்தால் இன்னொரு குளிர்காலம் உருளைக்கு முன்னால்தான்.

எழுத்து எனக்கு முப்பதைத் தாண்டித்தான் கைவந்தது. அதனாலோ என்னவோ, பாடத்துக்கும் பாடத்துக்கும் நடுவில் இருக்கிற சுவர் எனக்குத் தெரிவதில்லை. வரலாற்றில் கொள்ளைநோய் வந்தால், செத்த சனம் திரும்ப எப்படிப் பெருகியது என்று கணக்கு வகுப்பில் கேட்பேன். புவியியலில் கடல் நீரோட்டம் வந்தால் இதயத்தின் படத்தைக் கீறிக் காட்டுவேன். பிர்கித்தே ரீச்சர் சிரித்துக்கொண்டே, “விமலராணி, அது வியாழக்கிழமைப் பாடம்” என்பார்.

அன்னா வீட்டில் எதைக் கேட்டாலும் டேனிஷில்தான் பதில் சொல்வாள். கேலி செய்ய மட்டும் தமிழுக்கு வருவாள்.

“அம்மா எல்லாப் பாடத்தையும் ஒரே மெஷினுக்க போடுறா. வெள்ளையையும் கலரையும் சேத்துத் தோய்ச்சா என்ன நடக்குமெண்டு உங்களுக்குத் தெரியாதே?”

“எல்லாம் ரோஸ் நிறமா வரும்,” என்றார் என் கணவர் யோசேப். “அதுவும் வடிவாத்தான் இருக்கும்.”

“அப்பா, ரோஸுக்கு மார்க் இல்லை.”

அவள் சொன்னது சரி என்று பட்டது. அந்த வாரம் முழுக்க உருளைக்கு முன்னால் நின்றபடி, மனதுக்குள் விஞ்ஞானத்தை மட்டும் தனியாகப் பிரித்து அடுக்கினேன். கொஞ்சம் அசந்தால் உள்ளே ஒரு ராசாவோ, ஒரு பின்னமோ, ஒரு ஜெபமோ கலந்துவிடும். எடுத்து வெளியே போடுவேன்.

சோதனை அறையில் பச்சைத் துணி விரித்த மேசை. அதன்மேல் கவிழ்த்து வைத்த சீட்டுகள், ஒரு குவளைத் தண்ணீர். பிர்கித்தே ரீச்சருக்குப் பக்கத்தில், வெளியூரிலிருந்து வந்த பரிசோதகர். நெடிய மனிதர், சைக்கிள் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு சீட்டை எடுக்கச் சொன்னார்கள். நான் சிலுவை போட்டு, கண்ணை மூடி, ஒன்றை எடுத்து, விரிக்காமல் அவரிடமே நீட்டினேன்.

“இல்லை, நீங்களே பாருங்கள்,” என்றார்.

“எடுத்தவர் விரிக்கக் கூடாது,” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. எங்கள் கோவிலில் திருவுளச்சீட்டு அப்படித்தான். பெருநாள் பொறுப்பு யாருக்கென்று சீட்டுப் போட்டால், ஒரு பிள்ளை எடுக்கும், பூசை வைக்கும் சுவாமி விரிப்பார். எடுத்த கையே விரித்தால் கள்ளச் சீட்டென்று சனம் கதைக்கும். அரைகுறை டேனிஷில் இதை விளங்கப்படுத்தினேன்.

அவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கீழே வைத்தார். இரண்டு கையாலும் வாங்கி, மெதுவாக விரித்து, பூசையில் வாசிப்பதுபோல வாசித்தார்: “நீர்.”

யோசித்துக் குறிப்பெடுக்கப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. வெள்ளைத் தாள் ஒன்று, பென்சில் ஒன்று. காற்று வரும் குழாய் மேலே உறுமிக்கொண்டிருந்தது. எங்கள் உருளையின் அதே சத்தம். விடியமுன் எழும்பிய உடம்பு. ஒரு சொல் எழுதுவதற்கு முன் தலையை ஒருதரம் கையில் சாய்த்தேன்.

உருளையிலிருந்து விரிப்பு வந்துகொண்டிருந்தது. முதல் விரிப்பில் ஒரு தேசப்படம், ஆறுகள் இன்னும் காயாமல் விளிம்பால் சொட்டின. அடுத்ததில் எண்கள் மீன் குஞ்சுகள்போல ஒரே பக்கம் திரும்பி நீந்தின. பிறகு மரத் தொட்டியில் குளிக்கிற ஒரு ராசா, முதுகு தேய்க்க ஆளில்லாமல் என்னைப் பார்த்தார். லத்தீன் பெயர் கட்டிய மரங்கள் வேரால் உறிஞ்சும் சத்தம் கேட்டது. எங்கோ ஒரு பிள்ளை பியானோவில் ஒரு துளி, ஒரு துளியாக அழுத்தியது. கடைசி விரிப்பில் அன்னா கைக்குழந்தை. சுவாமி சிப்பியால் வார்க்க, தண்ணீர் அவள் நெற்றியால் வழிந்து, உருளையில் பட்டு, ஆவியாகி, கூரையைத் தாண்டிப் போனது. நான் பாடம் பாடமாகப் பிரித்து மடிக்கப் பார்த்தேன். எல்லாம் ஈரம். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரியவே இல்லை.

கதவு தட்டப்பட்டது. தாளில் என் கன்னம் பதிந்த ஈரம் மட்டும் இருந்தது.

அந்த வெறுந்தாளோடு பச்சை மேசைக்கு முன்னால் போய் இருந்தேன். வெயில், ஆவி, மேகம், மழை என்று ஞாபகத்தில் கிடந்ததைச் சொன்னேன். நிலத்தடிக்கு வந்ததும் நின்றுவிட்டேன். எந்த மண்ணுக்குக் கீழே எந்தக் கல், தண்ணீர் எதில் தங்கும், எதில் தங்காது, ஒன்றும் வாயில் வரவில்லை. ரீச்சர் தன் விரல்களைப் பார்த்தார். ஓகஸ்ட் கையை விட்டுப் போவது தெரிந்தது.

பரிசோதகர் தண்ணீர்க் குவளையை என் பக்கம் தள்ளினார்.

“இந்தத் தண்ணீருக்கு எவ்வளவு வயது?”

“இன்றைக்குக் காலையில் பிடித்திருப்பீர்கள்.”

ரீச்சர் உதட்டைக் கடித்தார்.

“அதற்கு முன்னால்?”

“குழாயில்.”

“அதற்கு முன்னால்?”

“நிலத்துக்குள். அதற்கு முன் மழை. அதற்கு முன் மேகம்.” அடுத்தது என்னவென்று எனக்குத் தெரியும், சற்றுமுன் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். “அதற்கு முன் எங்கள் தொழிற்சாலையின் ஆவி. அதற்கு முன் ஆஸ்பத்திரியில் யாரோ ஒருவரின் வேர்வை. அதற்கு முன் என் மகளின் ஞானஸ்நானம். ஒரு ராசாவும் இதில் குளித்திருப்பார்.”

“விமலராணி, அது சமயம்,” என்றார் ரீச்சர் மெல்ல. “அது வரலாறு.”

பரிசோதகர் கையைச் சற்று உயர்த்தினார். நான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

“வயது எனக்குத் தெரியாது. புதுத் தண்ணீர் எங்கே செய்கிறார்கள்? இருக்கிறதையே தோய்த்துத் தோய்த்துப் பாவிக்கிறோம்.”

வெளியே நிற்கச் சொன்னார்கள். அவர்கள் இருவரும் கதைத்து முடிவெடுக்கும்வரை வாசலில் காத்திருப்பதுதான் இங்கே வழக்கம். நடைபாதையில் நின்று பார்த்தால் என் கையில் அந்தக் குவளை. எப்போது தூக்கினேன் என்று தெரியவில்லை. தாகமாக இருந்தது. குடித்தேன்.

கூப்பிட்டார்கள்.

“நிலத்தின் அடுக்குகள் உங்களிடம் இல்லை,” என்றார் பரிசோதகர். “வேறு நிறைய இருந்தது. ஆனால் எனக்கு ஒரு பாடத்துக்குத்தான் புள்ளி போட அனுமதி. இரண்டு. சித்தி.” பிறகு மேசையைப் பார்த்தார். “தண்ணீர் எங்கே?”

“குடித்துவிட்டேன்.”

“அதுவும் சரிதான்,” என்றார்.

வெளியே மழை. இஷொய் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் யோசேப் கார் என்ஜினை ஓடவிட்டபடி காத்திருந்தார்.

“என்னவாம்?”

“ரெண்டு.”

“ரெண்டோ? எத்தினைக்கு?”

“பன்ரெண்டுக்கு. சித்திக்கு ரெண்டு காணுமாம். ஓகஸ்டில தொடங்கலாம்.”

அவர் ஸ்டியரிங்கில் ஒரு தட்டுத் தட்டினார். “நல்ல காலம் மூண்டு எடுக்கேல்லை. தலைக்கனம் வந்திருக்கும் உமக்கு.”

வழக்கமாக எங்கள் வீடிருக்கிற புரொண்பிக்குப் போய்ச் சேரும்வரை நித்திரை கொள்வேன். அன்று கண் மூடவில்லை. முன்கண்ணாடியில் துளிகள் விழுந்து, ஒன்றையொன்று தேடிப் போய்ச் சேர்ந்து, கோடாக ஓடின. துடைப்பான் வந்து வழித்துக்கொண்டு போனது.

“இஞ்சேருங்கோ, அதை ஒருக்கா நிப்பாட்டுங்கோ.”

“துடைக்காமல் றோட்டு எப்பிடியப்பா தெரியும்?”

“அப்ப ஓரமா விடுங்கோ. கொஞ்ச நேரம் பாப்பம்.”

“என்னத்தை?”

“மழையை.”

என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு காரை ஓரமாக விட்டு, துடைப்பானை நிறுத்தினார்.