தேடி வந்த மீன்கள்

தங்கப்பழத்துக்குப் பெண்டாட்டி மேல் ஒரே ஒரு பொறாமை. கோமதித்தாய் வாளியை ரெண்டு தட்டு தட்டினால் போதும், பண்ணைக்குட்டையில் வளர்கிற கட்லா, ரோகு மீன்களெல்லாம் அவள் காலடிக்கு ஓடி வந்துவிடும். பிள்ளையில்லாத வீட்டில் அவளுக்கு அதுகள்தான் பிள்ளை. கர்ப்பப்பை ஆபரேஷனுக்குத் திருநெல்வேலிக்குப் புறப்பட்டவள், தன் வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தீனியைப் பற்றித்தான் படித்துப் படித்துச் சொன்னாள். தவிட்டையும் புண்ணாக்கையும் ஆறின கஞ்சி விட்டுப் பிசையணும். சங்கரன்கோவிலில் வாங்கின சத்துப்பொடி ஒரு ஸ்பூன். நிழலில் உலர்த்தி, நாளைக்கு ரெண்டு படி, அதுக்கு மேல் ஒரு பிடி ஆகாது. வானம் மூட்டமாக இருந்தால் தீனியே ஆகாது.

இவனும் போய் வாளியைத் தட்டினான். ஒரு மீன் எட்டிப் பார்க்கணுமே, ம்ஹும்! பொடியைக் கூட்டினால் ருசி கண்டு வரும் என்று இவனாக நினைத்துக்கொண்டு, மறுநாளிலிருந்து மூணு ஸ்பூன், நாலு படி என்று கொட்டினான். தின்னாத தீனியெல்லாம் அடியில் கிடந்து அழுகித் தண்ணீரைக் கெடுத்தது இந்த மனுசனுக்கு எங்கே தெரிந்தது?

ஒன்பதாம் நாள் காலை வானம் மூடிக் கிடந்தது. கரையில் கால் வைக்குமுன்னே அத்தனை மீனும் மேலே வந்து, வாயை வாயைத் திறந்துகொண்டு நின்றன. கடைசியில் தன்னையும் தேடி வந்துவிட்டதே என்று பூரித்துப்போனான். வாளித் தீனி மொத்தத்தையும் வாரி இறைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான்.

"ஏட்டி, எல்லாம் எங்கிட்ட வந்துட்டு. வாயைத் தொறந்துட்டு நிக்கு."

வானம் எப்படி இருக்கு என்று அவள் கேட்டாள். மூட்டந்தான் என்றான்.

"ஐயோ, அது பசியில்ல. மூட்டத்துல தண்ணியில காத்து இல்லாம மூச்சு முட்டி நிக்கு. தீனி போட்டுராதிய, மோட்டாரைப் போட்டுத் தண்ணியைப் பீய்ச்சி அடிங்க."

அவன் வெறும் வாளியைப் பார்த்தான். ஓடிப்போய் மோட்டாரைப் போட்டும் பலனில்லை. ஒன்பது மணிக்கெல்லாம் குட்டை முழுக்க வெள்ளை வயிறாக மிதந்தது.

அதிலிருந்து மூணாம் நாள் ஊர் வந்தவள், தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு நேராகக் குட்டைக்குத்தான் போனாள். நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூட அவன் மனசு ஆறியிருக்கும். அவள் ஏசவில்லை. வெறும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒருநாளும் உங்ககிட்ட வராததுவ," என்றாள். "உசிருக்குப் போராடுத நேரத்துல உங்களத் தேடில்லா வந்திருக்கு."

தங்கப்பழம் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் தீனியைல்லா போட்டேன், கோமதி."