டீ மாஸ்டர் வீட்டுக்கு வந்தவர்கள்

ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கும் அவருக்கு அங்கே ‘டீ மாஸ்டர்’ என்று பெயர். தினமும் ஃபிளாஸ்க் நிறைய மசாலா டீ கொண்டு வருவார். மூடியைத் திறந்தால் இஞ்சியும் ஏலக்காயும் மணக்கும். ஊசிக்குப் பயந்து உட்கார்ந்திருப்பவர்கள்கூடக் கொஞ்சம் தெளிவார்கள். முதல் நாள் யாரோ “யார் போட்டது?” என்று கேட்டபோது, “நான்தான்” என்று வாய் தவறி வந்துவிட்டது. மனைவி போட்டது என்று உடனே திருத்தியிருக்கலாம். ஆனால் பாராட்டு டீயைவிட ருசியாக இருந்தது.

அப்புறம் அந்தப் பொய்க்குக் கைகால் முளைத்தது. விடிந்ததும் அவரே எழுந்து இஞ்சி தட்டுகிறாராம். மனைவியை எழுப்பிக் கையில் டம்ளரைக் கொடுக்கிறாராம். பாவம், அவளுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதாம். இந்தக் கடைசி வரிக்கு அவசியமே இல்லை; சும்மா சிரிப்புக்காகச் சேர்த்துக்கொண்டார். லேப் பெண்கள் வீட்டுக்குப் போய் இவர் பெயரைச் சொல்லிப் புருஷன்மாரை இடித்தார்கள். எப்படிப் போடுவது என்று கேட்டால் மட்டும், “எல்லாம் கைப்பக்குவம்தாம்மா” என்று நழுவிவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப் மேடமும் வரவேற்பு மேசைப் பெண்ணும் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். பக்கத்துத் தெருவில் ஏதோ வேலையாம். “உட்காருங்க, டீ போடறேன்” என்று எழுந்தாள் மனைவி.

வரவேற்பு மேசைப் பெண் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். “டீ மாஸ்டர் இருக்கும்போது நீங்க எதுக்குக்கா? குடுத்து வெச்சவங்க நீங்க. தினமும் அண்ணனே எழுப்பி டீ குடுக்கறாராமே! வெந்நீர்கூட வைக்க விடமாட்டாராமே!”

“விடமாட்டார்னு இல்ல, இவங்களுக்குத் தெரியாதுன்னுதான் சொன்னாரு” என்று மேடம் சிரித்துக்கொண்டே திருத்தினார்.

அவருக்குக் காது மடல் சுட்டது. மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கு லேபில் அவர் முகத்தைக் காட்ட முடியாது.

“ஆமா, அவர்தான் போடுவாரு” என்றாள் அவள். “போங்க, எடுத்துட்டு வாங்க.”

சொந்தச் சமையலறையில் அவர் விருந்தாளி மாதிரி நின்றார். சொட்டு ரத்தம் பிசகாமல் அளக்கிற மனிதருக்கு டீத்தூள் எந்த டப்பாவில் என்று தெரியவில்லை. கடுகு வந்தது. சீரகம் வந்தது. மறுபடியும் கடுகு வந்தது. குரல் கொடுத்துக் கேட்கவும் வழியில்லை. ஒருவழியாக எல்லாம் கிடைத்ததும், இருந்த பாலை மொத்தமாகப் பாத்திரத்தில் ஊற்றி, இஞ்சியை நசுக்கிப் பச்சைப் பாலிலேயே போட்டு அடுப்பைப் பற்றவைத்தார். சூடு ஏற ஏற ஓரத்தில் சின்னச் சின்னத் துகளாகத் தெரிந்தது. நுரை என்று நினைத்துக் கிளறினார். கொதி வந்தபோது கட்டி தனி, தண்ணீர் தனி.

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது அவருக்கு. அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஹாலுக்குத் திரும்பினாள். அவர் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றார்.

“பால் திரிஞ்சிடுச்சுங்க. தப்பு என்மேலதான். காய்ச்சாம வெளியிலயே வெச்சு மறந்துட்டேன்.”

“என்னம்மா நீங்க! எல்லாத்தையும் அவர்தான் பண்றாரு, பாலையாவது பாத்து வெக்கக்கூடாதா?” என்றார் மேடம்.

மனைவி சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டோமே என்று அந்த நொடியே உடம்பு கூசியது.

“சரி, எப்படின்னாவது சொல்லுங்கண்ணா. இஞ்சியை எப்பப் போடணும்?” என்றாள் வரவேற்பு மேசைப் பெண்.

அவர் மனைவியைப் பார்த்தார்.

“பால் நல்லாக் கொதிச்சப்புறம்தான் போடணும்” என்றாள் மனைவி. “பச்சைப் பால்ல போட்டா திரிஞ்சிடும். இவர்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தாரு.”

அவர்கள் போன பிறகு அவர் மெல்லக் கேட்டார். “ஏன் அப்படிச் சொன்னே?”

“நாளைக்கு நீங்க அங்கதானே போய் உட்காரணும்?”

“வெந்நீர்னு சொன்னது சும்மா ஒரு விளையாட்டுக்கு...”

“அதை மட்டும் பேசாதீங்க” என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

மறுநாள் காலையில் அவள் எழுந்திருக்கவில்லை, விழித்துத்தான் இருந்தாள். அவரே பால் வாங்கி வந்து, கொதிக்கும்வரை நின்று, இஞ்சி போட்டார். சாயம் இறங்கவில்லை, சர்க்கரை தூக்கலாகிவிட்டது. ஒரு டம்ளரை அவள் தலைமாட்டில் வைத்தார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மிச்சத்தை ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு கிளம்பினார்.

லேபில் எல்லோரும் இருக்கும்போதே சொன்னார். “இத்தனை நாள் நீங்க குடிச்சதெல்லாம் என் மனைவி போட்டது. எனக்கு ஒண்ணும் தெரியாது. இதுதான் நான் போட்டது.”

வரவேற்பு மேசைப் பெண் ஒரு வாய் குடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். பிறகு அவரைப் பரிவோடு பார்த்தாள்.

“இன்னைக்கு அக்கா போட்டாங்களாண்ணா? நேத்து நாங்க சிரிச்சதுக்காக அவங்களை இப்படிக் காப்பாத்தறீங்க பாருங்க... உங்கள மாதிரி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பாரு!”